பால் மட்டும்தான்

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படுவது. நான் நலம். முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீ, மாப்பிள்ளை, குட்டி, உன் அத்தை எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதத்தைச் சலவைக்கடைக்காரர் படித்துக் காட்டினார். படித்துக் காட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்திக் காட்டினார். பாய்லர் அறையில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் காதுக்கு வேறு எப்படிப் படிப்பது? நீ மறுபடி பாட்டில் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கிய சங்கதி இப்போது இந்தத் தெருவுக்கே தெரியும். சட்டை வாங்க நின்றிருந்த வாத்தியார், "நாலு மாசக் குழந்தைய விட்டுட்டா வேலைக்குப் போறா?" என்று கேட்டாராம். கடைக்காரர் விடுவாரா? "பாத்துக்க வீட்ல ஆள் இருக்கு சார். நீங்க உங்க சட்டையில பட்டன் இருக்கான்னு பாருங்க" என்றாராம். அதனால் புருஷன் பெண்டாட்டி சங்கதி எதையும் கடிதத்தில் எழுதாதே. நான் பேசுவதும் எனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுகிறேனாம். துணியில் அடையாளம் எழுதுகிற பழக்கத்தில் இவர் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். கண்ணை இடுக்கிப் படி.

போன ஆகஸ்ட் பதினெட்டாம் தேதிக் கடிதத்தில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதினாய். சரி செய்தாயிற்றா இல்லையா என்று இதுவரை ஒரு வார்த்தை இல்லை. எழுத்து தெரியாதவன்தானே, மறந்திருப்பான் என்று நினைத்தாயா?

மாப்பிள்ளை லாரி எடுத்துப் போனால் பதினைந்து நாள். நீ காலை ஆறு மணி வேலைக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்குத் திரும்புவாய். அந்த எட்டு மணி நேரத்தை நினைத்துக் கலங்காதே. உன் மாமியார் ஆவதற்கு முன்னால் அவள் என் தங்கை. பிள்ளையை அழவிட அவளுக்கு மனசு வராது.

இப்படிக்கு, உன் அப்பா. கீழே இருப்பது என் கட்டைவிரல். கடைக்காரரின் நீலத்தில் தோய்த்தது.


பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? மேல்படி ஏறாதீர்கள். குழாய் சரியாகிவிட்டது. கடைக்கார அண்ணனுக்கு வணக்கம். இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள் அண்ணா. மெதுவாகப் படித்தால் அப்பாவுக்குக் கேட்காதுதான். இருந்தாலும்.

போன வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அத்தை வாசலில் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "வாந்தி எடுத்தா. அப்புறம் அசையல" என்றார். தொட்டேன். பிழிந்த துணி மாதிரி ஈரமாக, சில்லென்று இருந்தாள். தலைமுடியெல்லாம் வேர்வை. கண் செருகிக்கொண்டே போனது.

அவசரப் பிரிவில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும். கடைசியில் ஒரு தராசு, ஒரு மேசை, எழுதுகிற ஆள். "கடைசியா என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "பால் மட்டும்தான்" என்று அத்தை சொன்னார். காலையில் நான் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகிற பால். கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி போட்டு மருந்து நீர் ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் கண்ணைத் திறந்து, ஊரையே கூட்டுகிற மாதிரி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வயிற்றுக் கோளாறு என்றார்கள். பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்.


மார்ச் 8

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லி எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. குட்டி இப்போது எப்படி இருக்கிறாள்? எழுத உட்கார்ந்தால் முதல் வரியில் அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும், தெரிகிறதா? எனக்கு மேல்படி கீழ்படி எல்லாம் பிறகு.

கடைக்காரர் மெதுவாகத்தான் படித்தார். "என்னய்யா சொல்றே, வாயை மெல்றே?" என்றேன். பிறகு கத்தினார். முடித்தபோது கடையில் இஸ்திரிப் பெட்டிச் சத்தம்கூட இல்லையாம்.

ஒன்று கேட்கிறேன். அன்று வேர்த்தது என்றாயே, அது வாந்திக்கு முன்னாலா, பின்னாலா? பால் தவிர வேறு எதையாவது யாராவது நாக்கில் வைத்தார்களா? பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்சும்போது எதையாவது வைப்பார்கள், அதற்காகக் கேட்கிறேன். உன் அத்தையைக் கேட்காதே. நான் கேட்டேன் என்றும் சொல்லாதே. நீயாகக் கவனி.

சின்ன வயதில் எனக்கும் அப்படி வேர்த்துக் கொட்டும். அதை விடு. பாய்லர் வேலையை விட்டு வந்த அன்று ஒரு பெட்டி நிறைய இனிப்பு கொடுத்தார்களே, அதை நான் அப்படியே வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன் என்று உன் அம்மா இரண்டு நாள் பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அந்த வாசனையே குமட்டும். ஏன் இதைச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிடச் சொன்னேன், கடைக்காரர் அடிக்க மாட்டேன் என்கிறார், காகிதம் அசிங்கமாகிவிடுமாம்.

உடனே பதில் போடு.

அப்பா.


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

குட்டியைப் பற்றியே முதலில் எழுதுகிறேன். போன மாதத்தில் இன்னும் இரண்டு தடவை சிவப்புக் கோட்டில் ஓடிவிட்டோம். மார்ச் 12ஆம் தேதி வாந்தியும் வேர்வையும். 30ஆம் தேதி வலிப்பு. ஒரு பக்கமாகக் கை இழுத்தது. அவர் லாரியோடு போயிருந்தார்.

நீங்கள் கேட்டதைக் கவனித்தேன். பக்கத்து வீட்டில் யாரும் எதுவும் கொடுப்பதில்லை. என் பாலும் ஆஸ்பத்திரி மருந்தும்தான். அந்த மருந்தை அத்தை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நல்லா இனிக்குதே, இத ஏன் துப்புறா இவ?" என்றார். வாயை அப்படி இறுக்கி மூடிக்கொள்கிறாள். மூக்கைப் பிடித்துத்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது.

மேசையில் எழுதுகிற ஆளுக்கு எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது. "மறுபடியுமா?" என்றார். கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு ஒரு டாக்டரம்மா இருக்கிறார், சின்ன வயது. அவர்தான் உட்கார்ந்து கேட்டார். "உங்க குடும்பத்துல கைக்குழந்தை யாராவது இறந்திருக்காங்களா? உங்க அப்பா அம்மாவுக்கு நீங்க ஒரே பிள்ளையா?" ஒரே பிள்ளை, அப்படி யாரும் இறக்கவில்லை என்றேன். அத்தை பக்கத்தில் நின்று குட்டியின் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். டாக்டரம்மா, "உங்களுக்கு முன்னாடி நடந்தது உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். அப்பாகிட்ட நல்லா கேட்டுச் சொல்லுங்க. இது முக்கியம்" என்றார்.

அதனால் கேட்கிறேன். இருந்ததா அப்பா?

என் பால்தான் குட்டிக்கு ஆகவில்லை என்று அத்தை சொல்கிறார். உலைக்குப் பக்கத்தில் நின்று பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து உடம்பு சூடாகி, பால் கெட்டுப்போயிற்றாம். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது பால் கொடுக்கும்போது பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்.


மே 11

அன்பு மகளுக்கு, அப்பா. இங்கே எல்லோரும் நலம். குட்டி நலமா?

பதில் போட நாளாகிவிட்டது. கடைக்காரருக்குக் கல்யாண சீசன், வேட்டியும் பட்டுமாக வந்து குவிந்துவிட்டது. இரண்டு நாள் மழை. வெயில் வந்ததும் எனக்கு முழங்கால்.

நீ கேட்டிருந்தாய். அந்தக் காலத்து விஷயம் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அப்படி எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அந்த இனிப்பு மருந்தை நிறுத்திவிடு. டாக்டர் திட்டினால் திட்டட்டும். வேலைக்குக் கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டு நீயே குட்டியைப் பார்த்துக்கொள்ள முடியாதா? அத்தைக்கும் வயதாகிறது, ஓய்வு கொடு.

அப்பா.

(தங்கச்சி, சலவைக்கடைக்காரன் எழுதுகிறேன். எனக்கு எந்த சீசனும் இல்லை. பெரியவர் இந்தக் கடிதத்துக்காக ஒன்பது தடவை வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார். இதை நான் எழுதியது அவருக்குத் தெரியாது.)


மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். குட்டி நலமாக இல்லை. ஐந்து தடவை ஆகிவிட்டது. ஏழு மாதக் குழந்தை மூன்று மாதத்தில் இருந்த எடைக்குத் திரும்பிவிட்டாள். கண் மஞ்சளாக இருக்கிறது. ஈரல் வீங்கியிருக்கிறதாம். டாக்டரம்மா வயிற்றில் விரலை வைத்து இதுவரை என்று பேனாவால் கோடு போட்டார்.

ஆஸ்பத்திரியில் குடும்பங்களை விசாரிக்கிற ஓர் அம்மா இருக்கிறார். கையில் எப்போதும் ஒரு கோப்பு. நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க இருந்த ஆறு நாளும் உங்க பாலைத்தான் குடிச்சா. நல்லா இருந்தா. வீட்டுக்குப் போன மூணாம் நாள் திரும்பி வர்றா. வீட்ல என்ன நடக்குது?" என்றார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். "நீங்க சரியா தூங்குறீங்களா? குழந்தை மேல கோபம் வருமா?" என்று கேட்டார். எனக்குப் புரிய நேரமாயிற்று அப்பா. நான்தான் எதையோ கொடுக்கிறேன் என்று நினைக்கிறார்கள். இன்னொரு தடவை வந்தால் குட்டியை என்னிடம் கொடுக்க மாட்டார்களாம். எழுதி வைத்துவிட்டார்கள்.

லீவு கேட்டேன். போனால் திரும்பி வராதே என்றார்கள். அத்தைதான் வழி சொல்கிறார். பாலை நிறுத்திவிடலாம் என்கிறார். டப்பாப்பால் வாங்கி வைத்துவிட்டார், சர்க்கரை கலந்தது, நல்ல சத்து என்று கடையில் சொன்னார்களாம். 25ஆம் தேதியிலிருந்து அதுதான். ஒருவேளை என் பால்தான் காரணமோ என்னவோ. எனக்கு யோசிக்கத் தெம்பு இல்லை.

ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய் ஒழுகியதைத் தேதியோடு கேட்டவர் நீங்கள். நான் எந்தச் செருப்பை எந்தப் படியில் தொலைத்தேன் என்று இன்றைக்கும் சொல்வீர்கள். உங்கள் வாயிலிருந்து ஞாபகம் இல்லை என்ற வார்த்தையை இருபத்தொன்பது வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

யார் அப்பா அது? யாருக்காக மறந்தீர்கள்?

மகள்.


மே 23, தந்தி

டப்பாப்பால் கொடுக்காதே. சீனி, தேன், இனிப்பு மருந்து எதுவும் கூடாது. உன் பாலை நிறுத்தாதே. அத்தையிடம் குழந்தையை விடாதே. இதை டாக்டரிடம் காட்டு. கடிதம் வருகிறது. அப்பா.


மே 23

மகளுக்கு, அப்பா.

தந்தி கிடைத்திருக்கும். கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி தபால் ஆபீசுக்கு ஓடினார். இப்போது திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே எழுதுகிறார்.

உனக்கு ஓர் அண்ணன் இருந்தான். எட்டு மாதம் இருந்தான். இது நடந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

அப்போது உன் அம்மா பொட்டலம் கட்டுகிற கூடத்தில் வேலைக்குப் போனாள். உன்னை மாதிரியே பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவாள். எனக்குப் பகலில் ஓய்வு. உன் அத்தைக்கு அப்போது பதினேழு வயது, எங்களோடு இருந்தாள். ஒரு நாள் பால் தீர்ந்துபோய்ப் பிள்ளை கத்தினான். அவள் வெந்நீரில் சீனி கரைத்துக் கொண்டுவந்தாள். குடித்தான். கொஞ்ச நேரத்தில் வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை. அந்த வேர்வையை எனக்குத் தெரியும். இனிப்பு உள்ளே போனால் எனக்கு வருகிற அதே வேர்வை. என் அம்மா என்னைச் சின்னதில் அடித்து அடித்து இனிப்பு ஊட்டிப் பார்த்து, அப்புறம் கைவிட்டவள். அதனால் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், "இனிமே குடுக்காதே" என்று. அவள் சிரித்தாள். "நீ தின்ன மாட்டேன்னா உன் பிள்ளையும் தின்னக் கூடாதா?" என்றாள். நானும் சிரித்தேன். ஆம்பளை, ஒரு கரண்டித் தண்ணீருக்குப் பயப்படுகிறேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாளும் பால் தீர்ந்தது. அவள் கரைத்தாள். ஊட்டியது நான். பிள்ளை நாக்கால் கரண்டியைத் தள்ளினான். முகவாயைப் பிடித்துக்கொண்டு நாலு கரண்டி ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்கும் எனக்கும் நிரூபிக்க ஐந்தாவது கரண்டியும் ஊற்றினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "என்ன குடுத்தீங்க?" என் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன், "பால் மட்டும்தான்."

அந்த நேரம் உன் அம்மா யாரோ சொல்லி, வேலைத்துணியோடு ஓடி வந்து கதவருகே நின்றாள். அந்த வார்த்தைதான் அவள் காதில் விழுந்தது. டாக்டரைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்க்கவில்லை. குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். எனக்கு அன்றைக்குக் காது நன்றாகக் கேட்கும், கண்ணும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. நாலு பத்துக்குப் பிள்ளை போய்விட்டான்.

பால் விஷம் என்று சனங்கள் பேசினார்கள். உன் அம்மா நம்பினாள். எட்டு வருஷம் பிள்ளையே வேண்டாம் என்றாள். பிறகு நீ பிறந்தாய். உனக்கு அவள் ஒரு நாள்கூட மார்பு கொடுக்கவில்லை. உனக்கு இனிப்பு ஒன்றும் செய்யவில்லை, டப்பாப்பாலில் வளர்ந்தாய். உன்னைத் தூக்கும்போதுகூட ஒரு துணியைக் குறுக்கே வைத்துக்கொண்டுதான் தூக்குவாள், பார்த்திருப்பாய். ஏன் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உன் அத்தை குட்டிக்குச் சீனித்தண்ணீர் கொடுக்கிறாள். நான் பார்க்கவில்லை. ஆனால் கொடுக்கிறாள். உன் பிப்ரவரிக் கடிதத்தில் வேர்வை என்று வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது வந்த மார்ச் 3லிருந்து இன்று வரை எண்பத்தொரு நாள் தெரிந்துகொண்டே இருந்தேன்.

கடைக்காரர் நடுவில் பேனாவை வைத்துவிட்டார். எழுத மாட்டேன் என்கிறாரோ என்று பார்த்தேன். மூக்கைச் சிந்திவிட்டு எடுத்துக்கொண்டார். சுற்றிப் பார்த்தால் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல். இன்னும் என்ன கேட்டாலும் சொல்கிறேன்.

அப்பா.


ஜூன் 3

24ஆம் தேதி எனக்கு வார விடுமுறை. காலை பதினொரு மணிக்குத் தந்தி வந்தது. டப்பாவின் மூடி திறந்திருந்தது. மறுநாள் வரை எதற்கு என்று அத்தை அப்போதுதான் பால் கரைக்கத் தண்ணீர் வைத்திருந்தார்.

குழந்தையையும் தந்தியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா தந்தியை இரண்டு தடவை படித்தார். உங்களுக்கு இனிப்பின் வாசனையே குமட்டும் என்று நீங்கள் எழுதியதையும் சொன்னேன். "தாத்தாவுக்கு இனிப்பே பிடிக்காதா? அவர் பல்லு எப்படி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "எழுபது வயசுல ஒரு சொத்தை கிடையாது" என்றேன். பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடிப்போனார்.

சீனி, தேன், பழம் இவற்றில் இருக்கிற ஒரு சர்க்கரையை ஈரலால் செரிக்க முடியாத குறை. உள்ளே போகப் போக ஈரல் கெடும். பெற்றவர்கள் இரண்டு பேர் வழியாகவும் வந்தால்தான் பிள்ளையைத் தாக்குமாம். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டே வந்திருக்கிறோம். அம்மா உங்கள் மாமன் மகள். குட்டியின் அப்பா உங்கள் தங்கை மகன். "இது முதல் நாளே தெரிஞ்சிருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல. சீனிய நிறுத்தியிருந்தா போதும்" என்றார் பெரிய டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

உங்கள் கடிதம் 27ஆம் தேதி வந்தது. அத்தையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அழுதா மனசு கேக்கலடி. ரெண்டு கரண்டிதான். சீனியா பிள்ளைய ஏதாவது செய்யும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அன்னைக்கும் நாங்கதானா?" என்று கேட்டார். நான் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

எனக்குப் பதினைந்து வயதில் ஒரு நாள் அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னேன். நீங்கள் அதே அறையில் வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கும் சில விஷயங்கள் ஞாபகம் இருக்கிறது.

ஈரல் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறாள், நான் வெளியே. பாலைப் பீய்ச்சிக் கொடுக்கிறேன், குழாய் வழியாகப் போகிறது.

நானாக எழுதும்வரை எழுத வேண்டாம்.


ஜூலை 1

அன்பு மகளுக்கு. எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். கடைக்காரரும் வேண்டாம் என்றார். நான்தான் கேட்கவில்லை.

குட்டி இருக்கிறாளா? அது மட்டும். ஒரு வெறும் கார்டில் 'இருக்கிறாள்' என்று ஒரு வார்த்தை போடு. என் மேல் உனக்கு இருப்பது அப்படியே இருக்கட்டும்.

பத்து மணிக்குத் தபால் ஆபீஸ் போய் நிற்கிறேன். தபால்காரர் தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார். பதினொன்றுக்குக் கடைக்கு வருகிறேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வாத்தியார் மட்டும் ஒரு நாள் என் காதருகே வந்து, "பிள்ளை எப்படி இருக்கு?" என்று கத்தினார். தெரியாது என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

சாப்பாடு இறங்கவில்லை. இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சொல்லக் கூடாதுதான். கடைக்காரரே, அதை அடித்துவிடும். மாட்டேன் என்கிறார்.

அப்பா.


ஆகஸ்ட் 30

அப்பாவுக்கு,

இருக்கிறாள். வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. நேற்று எடை ஐந்து கிலோ எண்ணூறு. கண்ணில் மஞ்சள் இல்லை. ஈரலில் ஒரு பகுதி திரும்பாதாம், மிச்சத்தை வைத்து வாழலாம் என்கிறார்கள். கொடுக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல், சுவரில் ஒட்டியிருக்கிறேன். என் பாலைக் குடிக்கிறாள். இன்றைக்குக் கடித்தாள், ஒரு பல் முளைத்திருக்கிறது.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்தபோது அவள் மூன்றாவது தடவையாகச் செயற்கைச் சுவாசத்தில் இருந்தாள். இருக்கிறாள் என்று எழுதிவிட்டு, அது உங்களிடம் வந்து சேர்வதற்குள் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அதுதான் காரணம் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன்.

கோப்பு வைத்திருந்த அம்மா என்னிடம் வந்து, "உங்க மேல எதுவும் இல்லைன்னு எழுதி மூடிட்டேன்" என்றார். நன்றி என்று சொன்னேன். வெளியே வந்த பிறகுதான், அம்மாவுக்கு இப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே என்று தோன்றியது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டியதும் தொழிற்சாலையில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் அத்தை இங்கே இருந்தால் நான் வேலைக்குப் போக முடியாது, தண்ணீர் எடுக்கக்கூட அறையை விட்டு நகர முடியவில்லை. அவர் மறுபடி கொடுக்க மாட்டார் என்று தெரியும். தெரிந்தும் முடியவில்லை. குட்டியின் அப்பாவிடம் பேசினேன். அவருக்கு அம்மாவாயிற்றே, மறுநாள்தான் சரி என்றார். 4ஆம் தேதி பேருந்தில் அனுப்புகிறேன். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநரின் மனைவி குட்டியை வைத்துக்கொள்கிறார். அவருக்குப் பட்டியல் மனப்பாடம்.

வருவதாகக் கடைக்கார அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம், தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். இப்போது வர வேண்டாம். அம்மாவுக்காகக் கோபப்பட இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். அது தீரும்வரை உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. தீர்ந்ததும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்.


செப்டம்பர் 9

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லி எழுதுவது.

குட்டிக்கு ஒரு பல் என்று கடைக்காரர் கத்தியதும் கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்களாம். எனக்குக் கேட்கவில்லை, பார்த்தேன். அந்த ஒரு வரியை நாலு தடவை படிக்கச் சொன்னேன். நான்காவது தடவை, "பெரியவரே, பல்லு ஒண்ணுதான், மறுபடி மறுபடி படிச்சா கூடுமா?" என்றார்.

உன் அத்தை 4ஆம் தேதி வந்து சேர்ந்தாள். ஒரு பை, ஒரு குடை. உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே என் காதருகே வந்து, "நான்தான் ஊட்டினேன்னு எழுதச் சொல்லு. நீ அப்பன். உன்கிட்டயாவது அவ திரும்பி வரட்டும்" என்றாள். வேண்டாம் என்றேன். கரைத்தது அவள். ஊட்டியது நான். அது அப்படியேதான் இருக்க வேண்டும். அவள் தட்டை வைத்துவிட்டு அழுதாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பிள்ளைக்காக அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நானும் அன்றைக்குத்தான்.

வர வேண்டாம் என்றாய். வரவில்லை. கிளம்புவதற்குக் கட்டி வைத்திருந்த என் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ஒருவேளை உள்ளுக்குள் தெரிந்திருக்கும், மன்னித்திருப்பாள் என்று எழுதச் சொல்லிக் கடைக்காரர் எனக்கு எடுத்துக் கொடுத்தார். உனக்கு ஆறுதலாக இருக்குமாம். நல்ல மனுஷன். ஆனால் அது பொய். அவளுக்குத் தெரியாது. கடைசிப் படுக்கையில் நான் பக்கத்திலேயே பத்தொன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன். கடைசி நாள் அவள் பிதற்றலில் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்போதும் நான் தண்ணீர்தான் கொடுத்தேன். தெரியாமலேதான் போனாள்.

கோபம் தீர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். எனக்காக அதைச் சீக்கிரம் தீர்த்துக்கொள்ளாதே. அவளுக்கு வேறு யாரும் இல்லை.

குட்டியின் எடையை மட்டும் மாதம் ஒரு தடவை எழுது.

அப்பா.